புரோமின் வாங்கிய காரணம்

“தண்ணிய யாரு பாத்துக்கிறது?” என்று அவள் கேட்டிருந்தாள்.

“இதென்னம்மா கேள்வி? வீட்டுக்குள்ளயே டாக்டரை வெச்சுக்கிட்டு வெளியில போய் சீட்டு வாங்குவாங்களா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“நீதான். வேற யாரு? தினம் ரெண்டு நிமிஷ வேலை. உன் கை பட்டாலே தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும்.”

அவ்வளவுதான் பேச்சு. சாப்பாட்டு மேசையில் ஹாட் டப் என்கிற வெந்நீர்த் தொட்டியின் படம் போட்ட தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஐந்து பேர் சாய்ந்து உட்காரலாம், முதுகுக்கு நேராகத் தண்ணீர் பீய்ச்சும் என்றெல்லாம் விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எதை எடுத்தாலும் அது மேலே போகுமா, கீழே வருமா என்றுதான் பார்ப்பார். நடுவில் நிற்கிற ஆளைப் பார்க்க மாட்டார்.

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், நகராட்சி நீச்சல்குளத்தின் மோட்டார் அறையில் கையுறையைக் கழற்றும்போது அந்த ‘ரெண்டு நிமிஷம்’ அவள் காதில் திரும்பவும் ஒலித்தது. வலது கை ஆள்காட்டி விரல் மடிப்பில் வெடிப்பு மறுபடி விட்டிருந்தது. கையுறையின் உள்பக்கம் பொட்டு ரத்தம். குழாயைத் திறந்து கையை நீட்டினாள். எரிந்தது. பதினாறு வருஷமாக எரிகிறது.

குளத்துக்கு வருகிறவர்கள் அவளைக் ‘குளத்தக்கா’ என்பார்கள். காலையில் முதல் ஆள் குதிப்பதற்கு முன் தண்ணீரை எடுத்துச் சோதித்து, குளோரின் அளந்து போட்டு, வடிகட்டியைக் கழுவி, மறுபடி சோதித்து, பதிவேட்டில் எழுதி முடிக்கும்போது அவள் உள்ளங்கை காய்ந்த களிமண் மாதிரி இருக்கும். தோல் டாக்டர் மூன்று தரம் களிம்பை மாற்றினார், இரண்டு தரம் கையுறையை மாற்றினார். நாலாவது தரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “மாத்த வேண்டியது வேலையைத்தாம்மா” என்றார்.

அது அவளுக்கும் தெரியும். நாலு வருஷமாக அந்த ஒரு வாக்கியம் அவள் தொண்டையில் நிற்கிறது. நான் வேலையை விடணும். மூன்றே வார்த்தை. ஆனால் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் முந்திக்கொள்வார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் லிஃப்ட் குழியில் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டு ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அப்போது அடுப்பெரிந்தது அவள் சம்பளத்தில். அதை அவர் மறக்கவே இல்லை. மறந்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றும். யார் வீட்டு விசேஷமானாலும், நாலு பேர் கூடினால் போதும், “இவ வேலைதான் எங்களைக் காப்பாத்துச்சு. அந்த வேலை இல்லன்னா நான் இன்னிக்கு இல்ல” என்று ஆரம்பித்துவிடுவார். கேட்கிறவர்கள் அவளைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடப்படுகிறவள், கொஞ்சம் கீழே இறங்கிக்கட்டுமா என்று யாரிடம் போய்க் கேட்பாள்?

வீட்டுப் பக்கவாட்டுக் கதவைத் தள்ளும்போதே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொல்லையில் புதிதாகப் போட்ட சிமெண்ட் மேடை மேல் அந்தத் தொட்டி உட்கார்ந்திருந்தது. நாலு பைக் நிறுத்துகிற அளவு இடத்தை அடைத்திருந்தது. விளிம்பு வரை தண்ணீர், அதன் மேல் நுரை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் நாத்தனார், தலையில் குளியல் தொப்பி, கழுத்தில் துண்டு சகிதம், ரயிலுக்குக் காத்திருக்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள். அடுத்த தெருவில்தான் வீடு. ஒரு விஷயம் நடக்கப் போகிறதென்றால் நடப்பதற்கு முன்பே வந்துவிடுவாள்.

“வாம்மா, குளத்து ராணி! காலையிலேருந்து என் தம்பி என்னை இறங்க விடமாட்டேங்கிறான். நீ வந்து தண்ணியைத் தொட்டுக் குடுக்கணுமாம்.”

“சாப்பிட்டீங்களா அண்ணி?” என்று கேட்டுக்கொண்டே அவள் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள்.

கணவர் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காதில் ஸ்க்ரூடிரைவர். கால் இடுக்கில், தண்ணீரில் மிதந்தபடி மருந்தைக் கரைத்துவிடும் மிதவை, சொம்பு அளவு இருக்கும், மூடி திறந்திருந்தது. அதற்குள் வெள்ளை வெள்ளையாகப் புரோமின் வில்லைகள். அவர் வலது கையில் ஒரு கரண்டி நிறையக் குளோரின் தூள். கரண்டி மிதவைக்கு மேலே சாய்ந்துகொண்டிருந்தது.

“கையை எடுங்க!”

தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. குளத்தில் பிள்ளைகள் ஓடும்போதுகூட அவள் இப்படிக் கத்தியதில்லை. நாத்தனாரின் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. கணவர் கரண்டியோடு சிலையாகிவிட்டார்.

“அப்படியே பின்னால கொண்டு போங்க. கொட்டாதீங்க. அந்தத் தூளை அதோட டப்பாவிலேயே போடுங்க. மூடுங்க. எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க.”

சொன்னபடி செய்தார். பிறகுதான் வாய் வந்தது. “என்னம்மா, பாம்பைக் கண்ட மாதிரி கத்துற?”

“பாம்பா இருந்தா கத்தியிருக்க மாட்டேன், அது பாட்டுக்குப் போயிடும். இது ரெண்டும் காஞ்ச நிலையில ஒண்ணு சேர்ந்தா சூடேறிப் புகையும். மூடியை வேற திருகி வெச்சா வெடிக்கும். எங்க குளத்துல பழைய ஆளு ஒருத்தர் ஒரே கரண்டியை ரெண்டு டப்பாவிலயும் போட்டார். மூடி போய்க் கூரையில அடிச்சுது. அவர் மூஞ்சி தப்பினது அன்னிக்கு அவர் அதிர்ஷ்டம்.”

“ரெண்டும் கிருமியைத்தானே கொல்லுது?” அவர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். “நாங்க லிஃப்டுக்கு எண்ணெய் குறைஞ்சா இருக்கிறது மேலேயே ஊத்துவோம். அக்கா வீட்டுல குளோரின் மிச்சம் கிடக்குதுன்னு கொண்டாந்தா. கெட்டுப்போறதுக்கு முன்னாடி கலந்து விட்டுடலாம்னு...”

“பேரப்பிள்ளைங்களுக்கு வாங்கின ரப்பர் தொட்டிக்குன்னு வாங்கினது,” என்றாள் நாத்தனார் முகம் சுருங்கி. “நல்லதுக்குன்னு தூக்கிட்டு வந்தேன். எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?”

“உங்களைச் சொல்லல அண்ணி.”

“சொன்னாலும் தப்பில்ல. இவன் உயிர் போயிருந்தா நான் யார்கிட்ட சண்டை போடுறது?”

அவள் சிரிக்கவில்லை. பயம் அப்படியே கோபமாகத் திரும்பியது. தொட்டியின் ஓரத்திலிருந்த வடிகட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உருளை வடிகட்டி கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே தண்ணீருக்குள் நின்றது.

“இது என்ன?”

அவர் எட்டிப் பார்த்தார். “ஐயோ.”

“புதுச் சட்டையைக் கவரோட மாட்டிக்கிட்டு ஆபீஸ் போன மாதிரி இருக்குடா,” என்றாள் நாத்தனார்.

“பைப்பைக் கழுவினீங்களா?”

“புதுசும்மா. இன்னிக்குத்தான் பிரிச்சேன்.”

“புதுசுன்னா? தொழிற்சாலையில தண்ணி விட்டு ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவாங்க. அந்தத் தண்ணியில கொஞ்சம் பைப்புக்குள்ளயே மாசக்கணக்கா தங்கி நாறிப்போயிருக்கும். இப்ப நீங்க மோட்டாரைப் போட்டதும் அத்தனையும் இங்கதான் வந்திருக்கு. நுரை சும்மா வரல. அண்ணி, நல்லவேளை நீங்க இறங்கல.”

நாத்தனார் நாற்காலியை ஓரடி பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

அவள் பிரிக்காத பெட்டி ஒன்றை இழுத்து, உள்ளே இருந்த புட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தாள். வாய் தானாக ஓடியது. “வடிகட்டியை வெளியில எடுங்க. இந்தப் பைப் கழுவுற மருந்தை இந்தத் தண்ணியிலயே ஊத்தி அரை மணி நேரம் ஓட விடணும். அப்புறம் மொத்தத்தையும் வடிச்சுத் துடைச்சு, புதுத் தண்ணி நிரப்பணும். முதல்ல காரத்தன்மையைச் சரி பண்ணணும், அப்புறம் பி.எச். அதுக்கப்புறம்தான் மருந்து. புரோமின்னா வில்லையைப் போட்டதும் வேலை செய்யாது. இதோ இந்த உப்பைக் கரைச்சு விட்டு, தண்ணியில முதல்ல புரோமின் இருப்பு சேர்க்கணும். மூடியைத் திறந்து வெச்சு ஓட விடணும். நாளைக்குக் காலையில நான் எந்திரிச்சதும் சோதனைத் தாள் வெச்சுப் பாத்து...”

நிறுத்தினாள்.

நாளைக்குக் காலையில் நான். ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் மருந்து வாடை இல்லாத ஒரே நாள். அதற்குள் தன்னைத் தானே வேலைக்கு வைத்துக்கொண்டாயிற்று. நாளைக்கு, நாளை மறுநாளைக்கு, அதற்கப்புறம் விடிகிற ஒவ்வொரு நாளைக்கும். அங்கே போவதற்கு முன் இங்கே, அங்கிருந்து வந்த பின் இங்கே. கையிலிருந்த புட்டியை டக்கென்று தரையில் வைத்தாள்.

“சொல்லும்மா, ஏன் நிறுத்திட்ட? எழுதிக்கிறேன்,” என்றார் அவர், காதில் ஸ்க்ரூடிரைவரைத் தடவிப் பேனா தேடிக்கொண்டு.

அவளுக்கு வேறொன்று உறுத்தியது. இரண்டு பேர் மூன்று பேர் இறங்குகிற, எப்போதும் சுடுகிற, மூடியே கிடக்கிற தொட்டிக்குப் புரோமின் பொருத்தம்தான். குளோரின் சூட்டில் சீக்கிரம் போய்விடும், கண்ணில் ஏறும். சரியானதைத்தான் வாங்கியிருக்கிறார். ஆனால் இந்த மனுஷன் எதையும் விசாரித்து வாங்குகிற ரகமே இல்லையே. கடையில் முதலில் கண்ணில் படுவதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்.

“புரோமின் வாங்கச் சொல்லி யார் சொன்னா?”

அவர் தொட்டியைப் பார்த்தார். “கடையில இருந்துச்சு, வாங்கினேன்.”

“பொய் சொல்றான்,” என்றாள் நாத்தனார். “நானும்தானே கூடப் போனேன்? கடைக்காரன் குளோரினைத்தான் எடுத்து நீட்டினான். இவன்தான் வேண்டாம், என் பொண்டாட்டி கை குளோரினுக்கு வெடிக்குதுன்னு அரை மணி நேரம் அவனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டான். போன்ல போட்டோ எல்லாம் காட்டினான். கடைக்காரனே முகத்தைச் சுளிச்சுட்டான், பாவம்.”

“என்ன போட்டோ?”

“ஒண்ணுமில்ல, விடு.”

“போனைக் குடுங்க.”

கொடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை, கடைசியாகப் பார்த்ததாக அதுவே திறந்தது. தலையணை மேல் ஒரு கை. மல்லாந்து விரிந்த உள்ளங்கை, விரல் மடிப்புகளில் சிவப்புக் கோடுகள். மோதிரத்தைப் பார்த்துத்தான் தன் கை என்று தெரிந்துகொண்டாள். அவள் தூங்கும்போது எடுத்தது. தள்ளினாள். இன்னொன்று. இன்னொன்று. மழைக்காலத்தில் ஒன்று, வெயில் காலத்தில் ஒன்று. முதல் படத்தின் தேதி நாலு வருஷத்துக்கு முந்தியது.

இவர் பார்க்கவே இல்லை என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். கண்ணில் படவில்லை, ஆம்பளைங்க அப்படித்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, அந்தச் சமாதானத்தில் நாலு வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தாள். இப்போது அதுவும் போயிற்று.

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா?”

“டாக்டர்கிட்ட காட்டலாம்னு எடுத்தேன்...”

“டாக்டர்கிட்ட போனது நான். தனியா. கடைக்காரன்கிட்ட காட்டத் தெரியுது. என்கிட்ட வந்து, கை வலிக்குதான்னு கேக்க வாய் வரல?” அவள் குரல் ஏறவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. “புரோமினும் மருந்துதாங்க. அதுவும் தோலைத் தின்னும். கொஞ்சம் மெதுவாத் தின்னும். அவ்வளவுதான் வித்தியாசம். என் கைக்குப் பாவம் பாத்து, அதை முக்கி எடுக்க இன்னொரு தொட்டி வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

“அப்படி இல்லம்மா. நீயும் உட்காரணும், வேலை முடிஞ்சு வந்ததும் வெந்நியில...”

“ஏன் கேக்கல?”

அவர் காதிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு கையாலும் உருட்டினார். நரை கண்ட மனிதர், வாத்தியார் முன் நிற்கிற மாதிரி நின்றார்.

“கேட்டா, வேலையை விட்டுடறேன்னு சொல்லிடுவியோன்னு பயம்,” என்றார். “திரும்ப நான் விழுந்தேன்னா என்ன பண்றதுன்னு. தினம் குழிக்குள்ள இறங்கும்போது அது ஒண்ணுதான் தைரியம், அவ வேலை இருக்குதுன்னு. அதான் கேக்கல. அதான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டே இருந்தேன். சொல்லிக்கிட்டே இருந்தா நீ விடமாட்டேன்னு...”

நாத்தனார் குளியல் தொப்பியை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “டேய்,” என்றாள் தம்பியைப் பார்த்து.

அவள் எட்டிச் சுவிட்சை அணைத்தாள். தொட்டியின் இரைச்சல் நின்றது. நுரை மெல்ல மெல்ல உடைந்து அடங்கியது. கோபம் மட்டும் அடங்கவில்லை. ஆனால் நாலு வருஷமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததை இந்தத் தடவை யாரும் முந்திக்கொள்ளவில்லை.

“நான் வேலையை விடணும்ங்க,” என்றாள். “இந்த மாசத்தோட. ராஜினாமா எழுதிக் குடுக்க நகராட்சி ஆபீசுக்குப் போற அன்னிக்கு நீங்க என் கூட வரணும். வந்து, இவ போதும்கிற அளவுக்குச் செஞ்சுட்டா, இனிமே வேண்டாம்னு அவங்க முன்னாடி உங்க வாயால சொல்லணும்.”