கதவோரத்து இடம்

"எங்க இருந்தா உனக்குப் பயமில்லாம இருக்கும், பிள்ளை?"

குணேஸ்வரி டீச்சர் அப்படிக் கேட்டபோது வகுப்பு முழுவதும் திரும்பி மயூரதியைப் பார்த்தது. சிலாபத்தில் நடந்த பயிற்சிக்குப் போய்விட்டு டீச்சர் அன்றுதான் கடலோரக் கிராமமான உடப்புக்குத் திரும்பியிருந்தார். அகதியாய் அலைந்து மனம் நொந்த பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளையிடமே கேட்க வேண்டும். கதவருகே இருத்த வேண்டும். மூச்சு முட்டினால் தூக்கிக் காட்டிவிட்டு வெளியே போக ஒரு மஞ்சள் காகித மட்டை கொடுக்க வேண்டும்.

மயூரதியின் கண் பின்சுவருக்குப் போனது. அலுமாரிக்குப் பக்கத்தில், சுஜிக்கு அருகே ஓர் ஆள் இருக்கலாம். அங்கிருந்து கரும்பலகை மட்டும்தான் தெரியும்.

"சரி, நீ சொல்லாட்டியும் டீச்சருக்கு விளங்குது."

அவளுடைய மேசையை டீச்சர் தானே தூக்கிப்போய்க் கதவோரம் வைத்தார். அந்தக் கதவு கடலைப் பார்த்த கதவு.

அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போன வருடத்தில் மயூரதி வீட்டார் முல்லைத்தீவை விட்டு இந்தியாவுக்குப் படகேறினார்கள். படகுக்காரன் இருட்டோடு ஒரு மணல்திட்டில் இறக்கி, "விடிய வந்து ஏத்துவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். விடிந்தும் யாரும் வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். தம்பி டிலக்சன் தண்ணி தண்ணி என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். ஒரு படகு வந்து அவர்களை ஏற்றியபோது அம்மா அவனைச் சேலையால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கொஞ்சக் காலம் இந்தியாவில் முகாமில் இருந்தார்கள். அப்பா அங்கேயே நின்றுவிட, அம்மாவும் அவளும் திரும்பிவந்து உடப்பில் சொந்தக்காரர் வீடொன்றில் ஒதுங்கினார்கள்.

கதவோரத்தில் அவள் இடக்கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டே எழுதினாள். கண்ணை மூடலாம், காதை மூட முடியாது. மட்டையைத் தூக்கினால் வெளியே போக வேண்டும். வெளியே இருப்பதும் கடல்தான்.

"டீச்சர், எனக்கும் மட்டை தாங்க," என்றான் இந்துஜன். "எங்கப்பாவும் கடலுக்குப் போய் வரல்லதானே."

"உனக்குக் கணக்குப் பாடத்துல இருந்து தப்ப வேணும், என்ன?"

வகுப்பு சிரித்தது. இந்துஜனும் சிரித்தான். அன்றிலிருந்து அவளைக் கண்டால், "மட்டை ராணி வாறா, வழி விடுங்கடா!" என்று கத்தத் தொடங்கினான்.

வீட்டில் அம்மா சொன்னாள்: "பள்ளிக்கூடம் போறதெண்டா அழாமப் போ. ஏலாட்டி என்னோட வாடிக்கு வா. கருவாட்டுக்கு மீன் கீற ஆள் தேடுறாங்க."

மீன் காயவைக்கும் அந்த வாடி கடலின் வாயிலேயே இருந்தது. அவளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். 'டீச்சர், நான் சுஜிக்குப் பக்கத்துல இருக்கட்டா?' வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவாள். டீச்சர் வாசலிலேயே சிரித்தபடி, "இப்ப நல்லமா?" என்று கேட்பார்.

"ஓம் டீச்சர்."

ஒரு நாள், பயிற்சி தந்த றோசமேரி மேடம் வகுப்பைப் பார்க்க வந்தார். குணேஸ்வரி டீச்சரின் முகம் மலர்ந்திருந்தது. "வந்த புதுசுல ஒரே அழுகை மேடம். இப்ப சத்தமே இல்ல."

மேடம் குனிந்து, "இந்த இடம் பிடிச்சிருக்கா மகள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

சுஜியின் பக்கம் திரும்பிச் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு படகு ஏறியது. படங்குத் துணியில் சுற்றிய எதையோ இரண்டு பேர் தலைப்பக்கமும் கால்பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு மணலில் வந்தார்கள். எஞ்சினாக இருக்கும். எஞ்சினை அப்படித்தான் தூக்குவார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

அவள் எழுந்தாள். புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள்.

"பாத்தீங்களா டீச்சர், மட்டைகூடத் தேவைப்படல்ல," என்றார் மேடம் தணிந்த குரலில். "தானா எழும்பிப் போகுது. நல்ல முன்னேற்றம்."

டீச்சர் தலையாட்டினார். பிறகுதான் அவள் தோளில் பை இருப்பதையும், தண்ணீர்ப் போத்தலை அவள் கையில் எடுப்பதையும் கண்டார்.

"மயூரதி?"

இந்துஜன் வழியில் நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டான். மஞ்சள் மட்டை மேசையில் கிடந்தது. கன்னத்தை இடக்கையால் மறைத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, அவள் அந்த ஒரே கதவால், கடல் இருந்த பக்கமாகவே வெளியே நடந்தாள்.