பின்தலை விளக்கு

எங்கள் ஊரில் எல்லோருக்கும் பின்தலையில் ஒரு சின்ன விளக்கு உண்டு. கண் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தாவி நின்றதும் மூளையில் துளி மின்சாரம் ஓடும். விளக்கு பளிச்சென்று எரிந்து அணையும். தினமும் பார்த்துச் சலித்ததற்கு மட்டும் எரியாது. கண் போகும், மூளை மெனக்கெடாது. பழைய உருவத்தையே எடுத்துக் காட்டிவிடும். என் வீட்டுக் கதவுக்கு என் விளக்கு எரிந்து எத்தனையோ காலமாயிற்று.

ஆகவே பெண் பார்க்க வந்தால், விளக்கு எரிகிறதா என்று பார்க்க மாப்பிள்ளைக்குப் பின்னால் பெண் வீட்டு ஆள் ஒருவர் உட்கார வேண்டும். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டு ஆள். காவலுக்குக் காவல்.

என் தங்கை சுகந்தியைப் பார்க்கத் தளவாய் வந்தபோது நான்தான் உட்கார்ந்தேன். அப்பா போன பிறகு வீட்டில் எல்லாம் நான்தான். எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. போன வருஷம் பக்கத்துத் தெருவுக்கு வந்த ஒருத்தன் காதுக்குப் பின்னால் பேட்டரியை ஒட்டிக்கொண்டு, பெண்ணைக் கண்டதும் அமுக்கி அமுக்கி எரியவிட்டான். கல்யாணம் முடிந்துதான் தெரிந்தது. அதனால் தளவாயின் காதை மடக்கிப் பார்த்தேன். மற்றக் காதையும் அவனே மடக்கிக் காட்டினான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

சுகந்தி காபித் தட்டோடு வந்து நின்றாள். தளவாயின் கண் அவள்மேல் நிற்கவே இல்லை. தாண்டிப் போய் ஜன்னலோரத்தில் நின்றது. பளிச்! அங்கே இருந்தது காலியான ஒரு பிரம்பு நாற்காலி. தலையைக் குனிவான், நிமிர்வான், மறுபடி நாற்காலி, மறுபடி பளிச். அவன் தோளைத் தட்டினேன்.

"என்ன மாப்பிள்ளை, நாற்காலியையா கட்டிக்கப் போறீங்க?"

"பொண்ணு அங்கதானே உட்கார்ந்திருக்கு" என்றான் தளவாய்.

எனக்குப் பின்னால் இருந்த அவன் அம்மா, "தம்பி, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அந்த அடுப்படி வாசலையே பாக்கறீங்க, உங்க விளக்கு ஒரு தடவைகூட எரியலையே" என்றார்.

"கூடப் பொறந்தவளைப் பாத்து எவனுக்கு எரியும்?" என்றேன்.

நாற்காலியிலிருந்து சுகந்தியின் குரல் வந்தது. "அண்ணே, காபி நான் கொண்டு வரல."

"நீ எப்ப அங்க போய் உட்கார்ந்த?"

"காலேஜுக்குப் போறேன்னு கேட்டேனே, பாக்கலாம்னு சொன்னியே. அன்னையிலேருந்து."

கேட்டதாக எனக்கு நினைவில்லை. தளவாய் சொல்லிக்கொடுத்திருப்பான். ஆனாலும் மனசுக்குள் சுருக்கென்றது. கண்ணை அகல விரித்து நாற்காலியைப் பார்த்தேன்.

"இப்ப எரியுதா?" என்று அவன் அம்மாவிடம் கேட்டேன்.

"இல்லை தம்பி."

கல்யாணம் நடந்தது. மணவறையில் தளவாய்க்குப் பக்கத்தில் ஒரு மாலை மட்டும் தரைக்கு மேலே நின்றது. குத்துமதிப்பாக அட்சதையைப் போட்டேன். மண்டபம் முழுக்கப் பின்தலைகள் மின்னிக்கொண்டிருந்தன. ஊரே சேர்ந்து என்னை ஏமாற்றுகிறதோ என்று பந்தியிலும் யோசித்தேன். கார் கிளம்பும்போது யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சட்டை நனைந்துவிட்டது. எனக்கும் தாங்கவில்லை, அழுதேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை சுகந்தி எப்போதும்போல் காபி கொண்டு வந்தாள். சீனி கம்மி என்றேன். தலையாட்டினாள்.

இவளையும் எத்தனை நாளைக்குத்தான் வீட்டில் வைத்திருப்பது? வெள்ளிக்கிழமை ஒரு இடத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக அந்த நாற்காலியைத் தூக்கி மொட்டைமாடியில் போட்டுவிட்டேன்.