காக்கை வீட்டு மீன்

எங்கள் ஓநாய் வீடு யாரிடமும் உணவு வாங்கிவிட்டுத் திருப்பாமல் இருந்ததில்லை. வான்கூவருக்கு வடக்கே இந்தக் கரையில் ஆற்றுக்கு ஒரு வீடு, அதாவது ஒரு குலம். ஆல்டர் ஆறு எங்களுடையது. குளிர்கால விருந்தில் எங்கள் சால்மனைத் தின்ற வீடுகள் எழுந்து நின்று, தலைவனான என் பெயரைச் சொல்லும். வாங்கியதைத் திருப்ப முடியாத வீட்டின் தலைவர் மேல்வரிசையை விட்டுக் கதவோரப் பலகைக்குப் போக வேண்டும். அதுதான் வழக்கம்.

கடல் சூடானபின் மீன் வரத்து குறைந்தது. போன இலையுதிர் காலத்தில் ஆற்றுக்கு ஏறி வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கோடைக் கடைசியில் என் தங்கை மகள் டெல்ஃபின் ஒரு வாளியோடு வந்தாள். எனக்குப் பின் வீட்டின் பெயரை ஏற்கப்போகிறவள். மீன்குஞ்சுகளைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"பாருங்க மாமா. தலை மட்டும்தான் இருக்கு. ஒடம்பு ஊசி மாதிரி."

"குஞ்சுன்னா சின்னதாத்தான் இருக்கும்."

"ஒரு வயசுக் குஞ்சு மாமா இது. பட்டினி."

அவள் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. சால்மன் விரலளவில் கடலுக்குப் போய்க் கை நீளத்துக்கு வளர்ந்து திரும்புகிறது. அந்தச் சதை அத்தனையும் கடல் கொடுத்தது. முட்டையிட்டதும் செத்துவிடும். செத்த உடலைப் பூச்சி தின்னும். கரடி காட்டுக்குள் இழுத்துப் போகும். மிச்சத்தைக் கரையோர மரங்கள் உறிஞ்சும். வசந்தத்தில் அந்தப் பூச்சிகளைக் குஞ்சுகள் தின்னும். பெற்றவை தாங்கள் பார்க்கவே போகாத பிள்ளைகளுக்குச் சோறு போடுவது இப்படித்தான். பெரிய மீன் வராத வருடம் ஆற்றில் சோறு இல்லை. மெலிந்த குஞ்சு கடலில் பிழைப்பதில்லை. அடுத்த முறை வருவது இன்னும் குறையும்.

"காக்கை வீட்டு மீன்குஞ்சு பொரிப்பகத்துல முட்டை எடுத்த மீனெல்லாம் சும்மா கெடக்கு. லாரில கொண்டாந்து நம்ம ஆத்துல போட்டா போதும்" என்றாள்.

"அது பிணம்."

"நம்ம மீனும் பிணமாத்தானே ஆத்தை வளத்துச்சு?"

"அது நம்ம வீட்டுப் பிணம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "விடியறதுக்குள்ள போட்டுட்டுப் போயிடுவாங்க. யாருக்கும் தெரியாது. மார்வின் சித்தப்பா வாயத் தொறக்க மாட்டாராம்."

மார்வின் காக்கை வீட்டின் தலைவர். இறந்துபோன என் மனைவியின் அண்ணன்.

"மார்வினா? அவன் வாய் ஆத்துமுகத்தைவிட அகலம்."

டெல்ஃபின் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு குஞ்சு மல்லாந்துவிட்டது. அதை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். நிமிரவில்லை.

"வரட்டும். ஆனா பட்டப்பகல்ல வரட்டும். ஊரே பாக்கட்டும்" என்றேன்.

"மாமா, அப்புறம் நீங்க கதவோரம்..."

"ஒளிச்சுத் தின்னா நான் மேல்வரிசையில இருப்பேன். வீடு அங்க இருக்காது."

லாரிகள் வந்த நாளில் ஓநாய்ச் சின்னம் தைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு கரையில் நின்றேன். ஊர் கூடியிருந்தது. மார்வின் மூக்கைப் பிடித்துக்கொண்டு லாரியிலிருந்து இறங்கினான்.

"என்ன மச்சான், மாப்பிள்ளைக் கோலத்துல நிக்கிற? நான் கொண்டாந்தது பொண்ணு இல்லப்பா, அழுகுன மீனு!"

கூட்டம் சிரித்தது. அது அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இன்னிக்கு ஆல்டர் ஆறு காக்கை வீட்டுச் சோறு திங்குது. ஓநாய் வீடு இதைத் திருப்பித் தரணும். எல்லாரும் சாட்சி."

மார்வினின் முகம் மாறியது. அருகில் வந்தான். "என்ன பண்ற நீ? இது குப்பை மச்சான். குப்பைக்கு யாரு பதில் கேப்பா?"

"ஒனக்குக் குப்பை. எங்க ஆத்துக்குச் சோறு."

கவைக்கோலை எடுத்து முதல் மீனை அவனே தண்ணீரில் தள்ளினான். வயிறு கிழிந்து, கண் வெளுத்த மீன். எங்கள் ஆற்றைப் பார்த்தே இராத மீன். மாலைவரை தள்ளினார்கள். நாற்றம் என் போர்வையில் ஏறியது. நான் நகரவில்லை.

குளிர்கால விருந்தில் நானாகவே கதவோரப் பலகையில் போய் உட்கார்ந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை. அனுப்ப விட்டிருக்கவும் மாட்டேன்.

மார்வின் மேல்வரிசையிலிருந்து இறங்கி வந்தான்.

"எந்திரி மச்சான். என் தங்கச்சி இருந்தா என்னைச் செருப்பால அடிப்பா."

"எதைக் கொடுத்துட்டு எந்திரிக்கச் சொல்ற?"

குஞ்சு தேறிக் கடலுக்குப் போக வேண்டும். வளர்ந்து திரும்ப வேண்டும். செத்து, அடுத்ததை வளர்க்க வேண்டும். பிறருக்குக் கொடுக்கும் அளவுக்கு ஆறு நிறைய அப்படிப் பல தலைமுறை மீன் வந்து போக வேண்டும். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவன் பெருமூச்சு விட்டு என் பக்கத்தில் உட்காரப் போனான்.

"ஒன் எடத்துக்குப் போ மார்வின். ஒன் வீட்டுக்காரங்க பாத்துக்கிட்டு இருக்காங்க."

போனான். கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று காலில் அடித்தது. பரிமாறுகிறவர்கள் மேல்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்தார்கள். மீன் சூப் ஆறியிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் குடித்தேன்.