வட்டுக்குப் போகாத அளவு

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. மாலை வகுப்பில் பக்கத்து மேசைப் பெண், தான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நடந்ததைப் பாதி சொன்னாள். மீதியைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் தொடக்கம்: 'அன்று வானம் இருண்டு...' வேண்டாம். கணினி அறையில் ஏது வானம்?

2.

நோயாளிகளின் மருந்தளவைப் பதியும் நிரலை எழுதியவள் அவள்தான். செவிலியர் ஓர் அளவை மாற்றினால் அது முதலில் கணினியின் நினைவகத்தில் நிற்கும். பிறகே வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், ஏறும். அன்று மதியம் வட்டு மக்கர் செய்தது. 'எழுத முடியவில்லை' என்றது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளம். அவளுடைய நிரல் மறுபடி எழுதச் சொல்லிக் கேட்டது. 'எல்லாம் சரி' என்று பதில் வந்தது.

(நானும் நம்பவில்லை. அந்த இயங்குதளம் தோல்வியை ஒரேயொரு முறைதான் சொல்லுமாம். பிறகு, எழுதாததையும் எழுதியாயிற்று என்று கைகழுவிவிடுமாம். மறுபடி கேட்டு, அந்தப் பதிலை நம்பிப் பச்சை காட்டும்படி நிரலை எழுதியதுதான் அவள் செய்த தப்பு.)

மதியத்திலிருந்து இருபத்தேழு படுக்கைகளின் அளவு மாறியிருந்தது. திரையில் எல்லாமே புதிய அளவு. வட்டில் எவை பழையவை என்று அவளுக்கே தெரியாது. கணினியை அணைத்துப் போட்டால் நினைவகம் அழிந்து, வட்டிலுள்ள பழைய அளவுகள் திரைக்கு வந்துவிடும். ஐந்து மணிக்குத் திரையைப் பார்த்துத்தான் ஊசி.

3.

நாலரைக்கு இதைக் கண்டுபிடித்தவள் கணினி அறைக்கு ஓடினாள். எதற்கெடுத்தாலும் அணைத்துப் போடுகிறவர் என்பதால் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு 'ரீஸ்டார்ட் அண்ணன்' என்று பெயர். வட்டு முனகுகிறதென்று பொத்தானில் விரலை வைத்திருந்தார்.

"இப்ப வேணாம்ணா."

"ஏம்மா? எல்லாம் சேவ் ஆயிடுச்சுன்னு உன் ப்ரோக்ராம்தானே பச்சை காட்டுது?"

அவள் நிமிர்ந்து நின்று... (இந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அவருடைய விரலைத்தான் பார்த்தாள்.)

4.

முடிவு அ: "பேக்கப் ஓடுதுண்ணா, பத்து நிமிஷம்." அதற்கு மேல் அண்ணன் பொறுக்க மாட்டார். பத்து நிமிடத்தில் ஒருத்தியாக எத்தனை அளவுகளைத் திரையிலிருந்து தாளில் எடுக்க முடியும்? ஒன்பது. வேலை நிலைக்கும். மற்ற பதினெட்டுப் பேர் அவரவர் அதிர்ஷ்டம்.

முடிவு ஆ: "பச்சை பொய்ண்ணா. அப்படிக் காட்ட வெச்சது நான்தான்." செவிலியர்கள் ஓடிவருவார்கள், இருபத்தேழும் தாளில் ஏறும். அவளுக்கு வேலை போகும்.

ஆ-வை அழகாக எழுதி வைத்திருந்தேன். ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தால் அ-வைத்தான் செய்திருப்பேன். அப்படிப்பட்டவனிடம் இந்த முடிவை விடக் கூடாது.

அண்ணன் இன்னும் விரலை எடுக்கவில்லை. அவளுக்குப் பதில் நீங்கள் பேசுங்கள்.