இரண்டு பயறும் கேட்ட செனட்டர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு சாப்பாட்டு வரிசை. மெய்ன் மாநிலத்தில் எங்கள் ஊர்க் கூடத்தில் சனிக்கிழமை விருந்து என்றால் ஒரு பானையில் சிவப்புப் பயறு, இன்னொன்றில் மஞ்சள் பயறு. ஊரே அதில் இரண்டு கட்சி. செனட்டர் வெர்னா பிங்கம் மட்டும் இருபத்துநாலு வருடமாக இரண்டிலும் ஒரு கரண்டி வாங்குவார்.

"பயறுலகூட ஒரு முடிவுக்கு வரமாட்டியா வெர்னா?" என்பார் கரண்டி பிடிக்கும் டுவைட் கோல்பி. வெர்னாவின் முதல் தேர்தலிலிருந்து கூடவே அலைந்தவர். இன்று மாவட்டக் கட்சித் தலைவர்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நடுநிலையின் தனிமைச் சிகரத்தில் நின்ற அந்தப் பெண்மணி...'

வேண்டாம். சிகரமாவது ஒன்றாவது. வெர்னா தன் வாசல் பனியைத் தானே தள்ளுகிற ஆள்.

3

அவர்மேல் எனக்கே சந்தேகம் இருந்தது. (எழுதுகிறவன் சந்தேகப்படலாம், பாத்திரம் கோபித்துக்கொள்ளாது.) செனட் ஓட்டெடுப்பில் குமாஸ்தா பெயர் பெயராகக் கூப்பிடுவார். அப்போது பேசாதவர்கள் கடைசியில் எழுந்துபோய்ச் சொல்லலாம். வெர்னா எப்போதும் கடைசியில்தான். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறார் என்று ஊரில் பேச்சு. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

4

சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளை மூடவிடாமல் காக்க ஒரு மசோதா வந்தது. வெர்னாவின் கட்சி எதிர்த்தது. டுவைட் வெர்னாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்.

"ஆதரிச்சேன்னா அடுத்த தேர்தல்ல உனக்கு எதிரா நாங்களே ஆள் நிறுத்துவோம்."

"நம்ம ஆஸ்பத்திரி போயிடும் டுவைட். உன் பேத்தி அங்கதான பொறந்தா?"

"பொறந்தா. அதுக்கு? கட்சி கட்சிதான்."

"காபி ஆறுது, குடி."

"நீ எப்படியும் கடைசியிலதான் வாயத் தொறப்ப. அதுக்குள்ள கணக்கு தெரிஞ்சிடும். தோக்குற பக்கம் நின்னு எதுக்கு சீட்டை விடணும்?"

(இங்கே வெர்னாவின் மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அவர் பாத்திரம் கழுவினார், அவ்வளவுதான்.)

5

குமாஸ்தா "பிங்கம்" என்றார். முதல் அழைப்பு.

வெர்னா எழுந்து "ஆம்" என்றார்.

சபை திரும்பிப் பார்த்தது. வாய் திறக்காமல் காத்திருந்த அவர் கட்சிக்காரர் இருவர், பிறகு எழுந்துபோய் அதையே சொன்னார்கள். மசோதா தேறியது. கட்சி ஆள் தேடும் முன்பே, இனிப் போட்டியிடவில்லை என்று வெர்னா அறிவித்துவிட்டார். கடைசி நாளில், செனட்டர்களின் வழக்கப்படி, மேசை இழுப்பறைக்குள் தன் பெயரைக் கீறிவைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, மறைக்கமாட்டேன். எங்கள் ஊர்க்காரி.

6

இனி முடிவு. இத்தனை வருட நட்பு தேறுமா என்பதுதான் கேள்வி.

டுவைட் மன்னிப்புக் கேட்கிறார் என்று எழுதினேன். (மெய்ன்காரர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அடித்தாயிற்று.) கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போகிறார் என்றும் எழுதினேன். பயறை விட்டுவிட்டா? நடக்காது.

ஊர் திரும்பிய முதல் சனிக்கிழமை, வெர்னா தட்டை நீட்டினார்.

"எது வேணும்?" டுவைட் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டும்."

"இன்னும் மாறலையா நீ?"

"எதுக்கு மாறணும்?"

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. டுவைட் கையிலிருக்கும் கரண்டியை வாங்கி உங்களிடம் தருகிறேன். வெர்னா தட்டை இறக்கமாட்டார், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன். சீக்கிரம் போடுங்கள், பின்னால் நிற்கிறவர்களுக்குப் பசிக்கிறது.