ஜெயினம்பு ஒட்டிய காகிதம்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சனோபர் ஜெராக்ஸ் கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால் அதில் திறக்கும் ஈமெயிலுக்குச் சொந்தக்காரர்கள் இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். கடைக்காரி ஜெயினம்பு செய்த ஏற்பாடு அது. பேங்க் பாரம், கேஸ் பாரம், பென்ஷன் பாரம் என்று எதை நிரப்பினாலும் ஈமெயில் கேட்கிறார்கள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது எங்கே இருக்கும்? ஜெயினம்பு யோசிக்கவே மாட்டாள், தன் கடை முகவரியை அடித்துவிடுவாள். இப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

வந்து விழும் கடிதங்களைத் தினமும் காலையில் பெயர் பார்த்துப் பிரிப்பாள். அச்செடுத்துக் கடை வாசலில் இருக்கும் பலகையில் ஒட்டுவாள். அளத்துக்குப் போகிற பெண்கள் ஷேர் ஆட்டோ ஏறும் முன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். பலகையில் இருந்தால் நிஜம், இல்லாவிட்டால் வதந்தி. அந்த மரியாதை ஜெயினம்புவுக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்காத மாதிரி அலுத்துக்கொள்வது வேறு விஷயம்.

பொங்கல் கழிந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கடிதம் வந்தது. ஊரில் பாதிப்பேர் கணக்கு வைத்திருக்கும் பேங்கின் சின்னம் மேலே பளிச்சென்று இருந்தது. 'அன்பான வாடிக்கையாளர், உங்கள் கணக்கு விவரம் காலாவதி ஆகியது. இன்று மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்.' கீழே போனில் காட்டித் திறக்க ஒரு கியூஆர் கட்டம். யாருக்கு என்று மட்டும் போடவில்லை.

ஜெயினம்புவுக்குக் கை கால் ஓடவில்லை. இருநூறு பேரில் யாருடைய கணக்கு இது? சொல்லாமல் விட்டு யாருக்காவது முடங்கிப் போனால் ஊர் அவளைத்தான் கேட்கும். சட்டென்று அச்செடுத்தாள். மேலே சிவப்புப் பேனாவால் 'இந்த பேங்கில் கணக்கு உள்ள அனைவரும் உடனே கவனிக்கவும்' என்று எழுதினாள். பலகையின் நடுவில் ஒட்டினாள். பெரிய சேவை செய்துவிட்டோம் என்ற நினைப்பில் டீ சொல்லி அனுப்பினாள்.

முதலில் பார்த்தது தையல்நாயகி. இருபது வருஷமாகக் கூலிக்கு உப்பு வாரியவள். இந்த வருஷம் முதல் முறையாக இரண்டு உப்புப் பாத்தியைத் தன் பேரிலேயே குத்தகைக்கு எடுக்கப் போகிறாள். வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டவேண்டும். சீட்டு எடுத்தும் ஆட்டை விற்றும் சேர்த்த பணம் முழுக்க அந்த பேங்கில்தான் இருந்தது.

"அய்யய்யோ, வெள்ளிக்கிழமை பணம் எடுக்கணுமேடி!" என்றாள்.

"பயப்படாதக்கா. விவரம் போட்டா சரியாப் பூடும்."

"எனக்கு இப்ப நேரமில்ல. பாத்தி மிதிக்கப் போறேன். போட்டோ எடுத்து சத்யாவுக்கு அனுப்பிடறேன், அவ போட்டுடுவா. கார்டு படமெல்லாம் அவகிட்டயே இருக்குது."

சத்யப்ரியா அவளுடைய மகள், புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். தையல்நாயகி போட்டோவை அனுப்பிவிட்டு ஓடும் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள்.

பதினொரு மணிக்குள் கடையில் வரிசை நின்றுவிட்டது. முதல் ஆள் கன்னியப்பன். அளத்தில் மோட்டார் ஓட்டுகிறவர், எதற்கும் அவசரப்படாத மனுஷன். ஜெயினம்பு தன் போனில் அந்தக் கட்டத்தைக் காட்டிப் பக்கத்தைத் திறந்தாள். பெயர் கேட்டது, போட்டாள். கணக்கு எண் கேட்டது, போட்டாள். கார்டு எண்ணையும் பின்பக்கத்து மூன்று எண்ணையும் கேட்டது. அதன் பிறகு ஏடிஎம் பின் நம்பரைக் கேட்டது.

"பின் நம்பர் சொல்லுங்கண்ணே."

கன்னியப்பன் பின்னால் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். "என் பொஞ்சாதிக்கே இத சொன்னதில்லம்மா. நீ கேக்கறன்னு சொல்றேன்."

ஜெயினம்புவின் விரல் அப்படியே நின்றது. பொண்டாட்டிக்கே சொல்லாததை பேங்க் எதற்குக் கேட்கிறது? எட்டு வருஷத்தில் ஒரு கடிதமாவது பின் நம்பர் கேட்டிருக்கிறதா?

"சொல்லாதீங்கண்ணே, இருங்க" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அதே பேங்கிலிருந்து வந்த பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ராசம்மாள், கணக்கின் கடைசி நான்கு எண். தட்சணாமூர்த்தி, கடைசி நான்கு எண். எல்லாவற்றிலும் பெயர் இருந்தது. பெயர் இருந்ததால்தானே அவளால் பிரிக்க முடிந்தது! இன்றைய கடிதத்தில் அனுப்பியவன் முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பேங்குக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்து கிடந்தது. காலையில் அதைப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். பார்க்கவில்லை.

"யா அல்லாஹ், திருட்டுப் பசங்க அனுப்பினத நானே பலகையில ஒட்டிட்டேனே!"

எழுந்து போய்க் காகிதத்தைக் கிழித்தாள். "யாரும் எதுவும் போடாதீங்க! போட்டவங்க யாராவது இருக்கீங்களா?" வரிசையில் அப்படி யாரும் இல்லை. அப்போதுதான் தையல்நாயகி நினைவுக்கு வந்தாள். போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சத்யப்ரியாவின் நம்பர் கையில் இல்லை.

"அண்ணே, கார்டு நம்பர் வரைக்கும் போட்டுட்டோம், நீங்க முதல்ல பேங்குக்குப் போன் பண்ணி கார்ட நிறுத்திடுங்க. கடையப் பாத்துக்குங்க" என்று கன்னியப்பனிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அளத்துக்குப் போகும் மண் பாதையில் ஸ்கூட்டி குதித்துக் குதித்துப் போனது. குத்தகைக்காக அந்த அம்மாள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்பது ஜெயினம்புவுக்குத் தெரியும். பணம் போய்விட்டிருந்தால் அந்த முகத்தில் எப்படி விழிப்பது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் பாதை தெரியாது என்று அடக்கிக்கொண்டாள்.

உப்புப் பருவம் தொடங்குமுன் பாத்தியின் சேற்றுத் தரையைக் காலால் மிதித்துச் சமன் செய்யவேண்டும். எட்டுப் பெண்கள் வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாத்தி முடியாமல் யாரும் கரையேறக் கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். போன்களெல்லாம் வரப்பில் சாப்பாட்டுப் பைகளுக்குள் கிடந்தன. ஜெயினம்பு வண்டியைச் சாய்த்துப் போட்ட நேரத்தில் பாத்தி முடிந்து, தையல்நாயகி கையைக் கழுவிக்கொண்டு வரப்பில் ஏறிப் போனை எடுத்திருந்தாள்.

"இருடி சத்யா, ஏதோ நம்பர் வந்திருக்குது. படிக்கிறேன், எழுதிக்கோ. நாலு..."

"அக்கா! படிக்காத!"

ஜெயினம்பு வரப்பில் வழுக்கி, எழுந்து, சேறும் செருப்புமாகப் போய்ப் போனைப் பிடுங்கினாள். சத்யப்ரியா கார்டு எண், தனக்குத் தெரிந்த அம்மாவின் பின் நம்பர் எல்லாவற்றையும் போட்டு முடித்திருந்தாள். ஓடிபி ஒன்றுதான் பாக்கி. அரை மணி நேரமாக அம்மாவை அழைத்தும் அம்மா எடுக்காததால்தான் அது பாக்கி இருந்தது. கடைசியாக வந்த குறுஞ்செய்தியில் யாருக்கோ பணம் அனுப்ப இந்த எண் என்று போட்டிருந்தது. தொகை, கணக்கில் இருந்த பணம் ஏறக்குறைய முழுவதும்.

"உங்க கடையில ஒட்டியிருந்துச்சே ஆன்ட்டி" என்று போனில் விசும்பினாள் சத்யப்ரியா. "அதனாலதான் நான் செக் பண்ணல."

ஜெயினம்பு தையல்நாயகியின் பர்ஸிலிருந்து கார்டை எடுத்தாள். பின்னால் அச்சிட்டிருந்த நம்பருக்கு அழைத்துக் கார்டை நிறுத்தச் சொன்னாள். சைபர் மோசடிக்கான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தாள். கணக்கில் மீதி எவ்வளவு என்று பேங்கில் கேட்டாள். பணம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் வரப்பில் உட்கார்ந்தாள்.

"என்ன மன்னிச்சிடுக்கா. ஒழுங்காப் பாக்காம ஒட்டிட்டேன்."

தையல்நாயகி அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "பேங்க்காரனே நேர்ல வந்து கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன் ஜெயினம்பு. நீ ஒட்டினியேன்னுதான் குடுத்தேன்."

அவள் திட்டியிருந்தால் ஜெயினம்புவுக்குத் தேவலாம் போல இருந்தது.

அன்று சாயந்திரம் அளத்திலிருந்து திரும்பியவர்களை எல்லாம் கடை வாசலில் நிறுத்தினாள் ஜெயினம்பு. நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "தப்பு என்னுது. இனிமே அவங்கவங்க பேர்ல ஈமெயில், அவங்கவங்க போன்ல. நானே போட்டுத் தர்றேன், காசு வேணாம். பேர் போட்டு வந்தாலும் சரி, பின் நம்பரோ ஓடிபியோ கேட்டா எவனா இருந்தாலும் திருடன். நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

"நீ கேட்டாலுமா?" என்றார் கன்னியப்பன்.

"நான் கேட்டாலும்."

"அப்போ என் பொஞ்சாதி கட்சியில உன்னயும் சேத்துட்டேன், போ" என்றார். கூட்டம் சிரித்தது. ஜெயினம்புவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தையல்நாயகி பாஸ்புக்கோடு பேங்குக்கே போய்ப் பணம் எடுத்து, முன்பணம் கட்டி, குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் ஜெயினம்பு அந்தப் பத்திரத்தை ஸ்கேன் செய்து, தையல்நாயகியின் புது ஈமெயிலுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"ஜெயினம்பு, உன் பேர் போட்டு ஒண்ணு வந்திருக்குது. நீதான் அனுப்பினியா?"

"நான்தான்க்கா. குத்தகைப் பத்திரம். தொறந்து பாரு."

"பேசறது நீதானா?"

"என் குரல் தெரியலையா உனக்கு?"

"தெரியுது. இருந்தாலும் சாயந்திரம் கடைக்கு வந்து உன் மூஞ்சியப் பாத்துட்டு அப்பறம் தொறக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

எட்டு வருஷத்தில் ஜெயினம்புவை யாரும் சந்தேகப்பட்டதில்லை. இப்போது முதல் முறையாக ஒருத்தி சந்தேகப்பட்டாள். அன்று மதியம் ஜெயினம்புவுக்குச் சோறு நன்றாக இறங்கியது.