ஒரு பக்கம் கருகிய மரம்

அகிலாவின் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற கிறிஸ்துமஸ் மரம் கிழக்குப் பக்கம் மட்டும் கருகத் தொடங்கியது. தொட்டியில் வாங்கி வந்து அவளே மண்ணில் வைத்த மரம், இப்போது மாடி உயரம். கீழ்க்கிளைகள் துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிட்டன.

"பூச்சியா இருக்கும்," என்றான் கணவன் ஜெயகணேஷ், ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே. மருந்தடித்தும் பயனில்லை.

ஒருநாள் கிளையைத் தொட்டபோது விரலில் மாவு போலச் சாம்பல் ஒட்டியது. பக்கத்து வேப்பமரத்திலும் அதே சாம்பல்தான். ஆனால் வேம்பு பழைய இலையை உதிர்த்துவிட்டுத் துளிர்த்துக்கொண்டது. இந்த மரமோ தன் ஊசியிலைகளை வருஷக்கணக்கில் விடாது. சாம்பலையும் சேர்த்தே சுமந்து நின்றது.

கிழக்கே, சுற்றுச்சுவருக்கு அந்தப்புறம் அனல்மின் நிலையச் சாம்பலில் செங்கல் செய்யும் பட்டறை ஒன்று புதிதாக வந்திருந்தது. அகிலா கோபமாகப் போனாள். முதலாளி இல்லை. முந்தானையை மூக்கோடு சுற்றிக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். அவள் புருவமும் இமையும் சாம்பல் படிந்து வெளுத்திருந்தன. காடாம்புலியூரிலிருந்து வேலைக்கு வரும் பிரபாவதி.

"உங்க சாம்பலால என் மரம் சாகுது. கம்ப்ளைண்ட் குடுத்து இத மூட வைக்கப் போறேன்."

பதில் சொல்ல வாயெடுத்த பிரபாவதிக்கு இருமல் வந்துவிட்டது. அடங்க நேரமானது.

"மூடிட்டா நாங்க எங்கக்கா போறது? முந்திரி வேல வருசம் பூரா இல்ல. மொதலாளிகிட்ட சாம்பல் மேல தார்ப்பாய் போடச் சொல்லுங்க, தண்ணி தெளிக்கச் சொல்லுங்க. நாங்க கேட்டா நாளைலேர்ந்து வராதன்னுடுவாரு."

"இந்த இருமல் எப்பருந்து?"

"இங்க வேலைக்குச் சேந்ததுலேர்ந்து இருமிகினுதான் கெடக்கறேன்."

மரத்தை விட்டுவிட்டு, முதலாளி எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டு அகிலா திரும்பினாள்.

முதலாளி சிங்காரவேலுவை அவள் தனியாகப் பார்த்தபோது அவர் சிரித்து அனுப்பினார். அடுத்த முறை தன் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் குடியிருக்கும் பெண்களோடு போய்ப் பட்டறை வாசலிலேயே நின்றாள். சாம்பல் லாரி உள்ளே நுழைய முடியாமல் ரோட்டில் நின்றது.

"ஒரு மரத்துக்கா இத்தன பேரு?" என்றார் சிங்காரவேலு.

"மரத்துக்குந்தான். இங்க வேல செய்றவங்களுக்குந்தான். பட்டறைய மூடச் சொல்லல, சாம்பல மூடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். தார்ப்பாய் சீக்கிரம் வந்தது. தண்ணீர்க் குழாய் வர மழைக்காலம் முடிந்துவிட்டது.

அகிலா ஓஸ் பிடித்து மரத்தைக் கழுவினாள். கருகிய கிளைகளை வெட்டத்தான் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் மறுபடி கிளை வராது. உச்சியில் மட்டும் புதிதாக ஓர் அடுக்கு வெளிர்பச்சையாக விரிந்தது.

பிரபாவதியை அகிலாவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நெஞ்சுச் சளி மருந்தில் குறையும், தூசியில் இருக்கும்வரை முழுசாகப் போகாது என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் பிரபாவதி இருமாமல் தூங்கினாள். இறங்குமிடம் வந்தும், அவளை எழுப்ப அகிலாவுக்கு மனம் வரவில்லை.